துரையின் டயரும் என் முகூர்த்தமும்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம். அதற்கு முன்பு ஓர் இடம் நிச்சயமாகி நின்று போயிருந்தது. இந்த முகூர்த்தமும் தவறினால் ராசியில்லாதவள் என்ற பட்டம் எனக்கு நிரந்தரம். மாப்பிள்ளையின் அம்மா அந்த வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கல்யாணம் நடக்கவிருந்த கோயில் மலைமேல், பிரிஞ்சாங் ஊரில். நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் கீழே பள்ளத்தில். நடுவில் பாசி பிடித்த தார் ஏற்றம் ஒன்று. மழை பெய்தால் ஏறிய வண்டியெல்லாம் வந்த வழியே சறுக்கிக்கொண்டு திரும்பும். சறுக்காதது தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரான துரையின் லேண்ட் ரோவர் மட்டும்தான். தன் ஊரிலிருந்து குளிர்கால டயர் வரவழைத்து மாட்டியிருந்தார்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான அப்பா கேட்டதும் துரை வண்டியைக் கொடுத்தார், கூடவே பாடமும் நடத்தினார். பனியில் ஓட்டுகிற டயர்களில் ஆணி அடித்திருப்பார்களாம், இதில் அது கிடையாது. குளிரில் மற்ற ரப்பர் விறைத்துப்போகும், இது மெத்தென்றே இருக்கும். மேலே முழுக்க மெல்லிய கீறல்கள். வண்டி அழுத்தும்போது அந்தக் கீறல்களின் விளிம்பு ஐஸைக் கவ்விப் பிடிக்கும், மேலே நிற்கிற ஈரத்தையும் வழித்தெடுக்கும். நம் ஊர்ப் பாசியிடமும் அதன் வேலை பலித்தது. அப்பா இதை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒப்பித்தார்.

கேட்காதவர் என் தாய்மாமா ஒருவர்தான். தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். முதல் நாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். எங்களைக் கோயிலுக்கு ஓட்டிப்போகும் பொறுப்பு அவருடையது. வண்டியைக் கழுவப் போனவர் டயரைப் பார்த்துப் பதறிவிட்டார். எவனோ வயிற்றெரிச்சல்காரன் பிளேடால் கிழித்திருக்கிறான் என்று முடிவு கட்டி, சைக்கிள் கடையில் பஞ்சர் பசையை டின் டின்னாக வாங்கி, ஒரு கீறல் விடாமல் அடைத்துவிட்டார். கல்யாண வீட்டில் கெட்ட பேச்சு எதற்கென்று யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்ல மனசு, நாசமாய்ப் போக.

காலையில் மழை. பாதி ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்பா இறங்கி டயரைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"என்னடா செஞ்ச?"

"வெட்டெல்லாம் அடச்சிட்டேன் மச்சான். ரப்பர்லயே வளந்தவன் லா நான், எனக்குத் தெரியாதா?"

"அடப்பாவி, அந்த வெட்டுதான்டா டயரே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கித் தள்ளினேன். சக்கரம் சேற்றை வாரி என் மேலேயே அடித்தது. அப்போது மேலேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எங்களைக் காணோமென்று மாப்பிள்ளையே தலைப்பாகையோடு தேடி வந்துவிட்டார். இறங்கி என் பக்கத்தில் நின்று தோள் கொடுத்தார்.

"நீங்க தள்றீங்களா, சாஞ்சி நிக்கிறீங்களா?" என்றார்.

"பேச்ச விட்டுட்டுத் தள்ளுங்க."

நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். வண்டி அசையவில்லை. அவர் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவும் மற்றவர்களும் பின்னால் ஓடி வந்தார்கள்.

கோயில் வாசலில் அவருடைய அம்மா எங்கள் இருவர் மேலும் இருந்த சேற்றைப் பார்த்தார். "முகூர்த்த நேரத்துல என்னடா கோலம் இது? பொண்ணோட ராசி..." என்று ஆரம்பித்தார்.

"டயருக்குத்தாம்மா ராசியில்ல," என்றார் அவர். "பொண்ணு நல்லாத்தான் தள்ளுது."

மேளம் கொட்டியது. தலை குனிந்து உட்கார வேண்டியவள், அவர் தாலி கட்டி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.