கிட்டங்கித் தெருவில் ஒரு பாஸ்கு

இன்று ஒரு கடை வாசலில் ஈரக் கயிற்றின் வாடை மூக்கில் ஏறியதும், எழுபதுகளில் நாங்கள் குடியிருந்த, இப்போது லாரிகள் நிற்கும் வெற்றிடமாகிவிட்ட தூத்துக்குடி கிட்டங்கித் தெரு, அழுகும் சங்குச் சதையின் நாற்றத்தோடும் ஓலைக்கூரைகளில் படிந்த உப்போடும் கோயில் மணியோடும் எனக்குள் திரும்பி வந்துவிட்டது.

சங்கு குளிக்கப் போன அப்பா கடலடியிலேயே இறந்துபோன வருடம் அது. வள்ளத்தில் அவருக்குக் கயிறு பிடித்தவர் அம்மாவின் தம்பி, சேவியர் மாமா. மேலே இழுக்கச் சொல்லி அப்பா கயிற்றை அசைக்கவேயில்லை என்று உடன் போனவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மாமா மட்டும் நம்பவில்லை. எங்கள் வீட்டைத் தவிர்த்துத் தலையைக் குனிந்துகொண்டு கடற்கரை வழியாகச் சுற்றிப் போவார். கோயிலுக்கும் வருவதில்லை.

உயிர்ப்பு ஞாயிறான பாஸ்கு அன்று காலைப் பூசை முடிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நேராக அவர் குடிசைக்குப் போனாள்.

"எந்திரில. வீட்டுக்கு வந்து சாப்பிடு."

"மச்சானக் கொன்ன கை இது, அக்கா. இத எப்படி ஒஞ்சோத்துல வைப்பேன்?"

"சாமி உயிர்த்துட்டாருன்னு இப்பதான் பாடிட்டு வாரேன். ஒன்னயப் பொணமா விட்டுட்டு நான் எப்படில திங்க?"

மாமா வந்தார். இடியாப்பத்தைக் கறிக்குழம்பில் பிசைந்தபடியே அழுதார். என்னை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை. சாகும்வரை அவர் தன்னை மன்னிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலை, பண்டிகை முடிந்த வெறும் திங்கள்கிழமையில், யாரும் கூப்பிடாமலே எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.