நீல ஒயர்த் துண்டு

போன மாதம் வரை என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு நீல ஒயர்த் துண்டு கிடந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இராது. பெட்டி மூன்று முறை மாறியும் அதை எறிய மனம் வரவில்லை.

பல வருடங்களுக்கு முன், ராசிபுரம் பக்கத்தில் ஒரு சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை; அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போய்வந்தேன். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்றி வரும் வண்டிகளுக்கு அங்கே எடை போட்டவரை எல்லோரும் எடைமேடை அக்கா என்றே கூப்பிட்டோம். வண்டியின் ஆட்டம் நின்றதும் தராசுப் பெட்டி ‘தயார்’ என்று ஒரு தனி ஒயர் வழியாகச் சிக்னல் அனுப்பும். அது வந்த பிறகுதான் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் சீரியல் போர்ட் என்ற ஒயர் இணைப்பு வழியாக எடையை வாங்கிக்கொள்ளும். ஒருநாள் அந்தச் சிக்னல் வரவில்லை. கம்ப்யூட்டர் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. வண்டிகள் கேட் வரை நிற்க, டிரைவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். ஒவ்வொரு ஒயராகச் சோதித்துப் பார்ப்பதுதான் முறை. எனக்குப் பொறுமை இல்லை. கனெக்டர் மூடியைக் கழற்றி, கம்ப்யூட்டர் அனுப்பும் சிக்னலே ‘தயார்’ சிக்னலுக்குப் பதிலாக அதனிடமே திரும்பி வரும்படி இரண்டு பின்களை நீல ஒயரால் இணைத்துவிட்டேன். கேள்வியும் தானே, பதிலும் தானே. வரிசை நகர்ந்தது. பிறகு வந்து சரிசெய்யலாம் என்று நினைத்தவன் மறந்தே போனேன்.

சில நாட்களில் விவசாயிகள் சண்டைக்கு வந்தார்கள். வெளியே போட்ட எடை இங்கே குறைகிறது என்றார்கள். “வண்டி ஆடி நிக்கறதுக்குள்ள எடைய எடுத்துக்குதுங்க, நான் என்னங்க பண்றது?” என்று அக்கா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எடையில் கை வைத்தார் என்று சொல்லி வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரைப் பார்க்க என்னைக் கூப்பிட்டபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. நீல ஒயரைப் பிடுங்கிவிட்டு, தராசுப் பக்கம் அறுந்திருந்த ஒயரைப் பற்றவைத்தேன். ரிப்போர்ட்டில் ‘ஒயர் பழுது’ என்று மட்டும் எழுதினேன். என் வேலை போய்விடும் என்ற பயம்.

போன மாதம் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒயரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒயரை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“நான் கை வெக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க சாமி. இத ஏன் என்ற ஊட்டுல வந்து சொல்றீங்க? அங்க போயி சொல்லுங்க.”

மறுநாளே போனேன். ஆலை இருந்தது. எடைமேடை புதிது, ஆட்களும் புதியவர்கள். மேலாளராக இருந்த இளைஞருக்கு அக்காவின் பெயரே தெரியவில்லை. நீல ஒயரை அவர் மேசைமேல் வைத்தேன்.

“என்னங்க சார் இது?” என்றார்.

நின்றபடியே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.