எல்லாத்தையும் பன்னிரண்டு தடவை திறந்தவங்க

எங்க காலேஜ் லைப்ரரியில ஆராய்ச்சிப் பத்திரிகையெல்லாம் பார்த்துக்கிற ஜர்னல் அக்காவைத் தெரியாதவங்க கிடையாது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவங்களே திரும்பிப் பார்க்க மாட்டாங்க. நான் கவுன்ட்டர்ல புத்தகம் குடுத்து வாங்குறவ. அவங்க மேசைக்கும் என் மேசைக்கும் நடுவுல பதினாலு வருஷமா ஒரே ஒரு கண்ணாடித் தடுப்புதான். அவங்களப் பத்தி என்னைவிட வேற யாரு சொல்லிட முடியும்?

முதல் விஷயம், அவங்க ஒரு சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்ப்பாங்க. மாடிப்படி பாதி இறங்கினவங்க திரும்ப ஏறிப் போய் நாலாவது தடவையும் இழுப்பாங்க. அவங்க வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் பண்றவர். "எங்க வீட்டுல பூட்டு தேய்ஞ்சுதான் கெட்டுப்போகும், திருடனுக்கு வேலையே இல்ல"ன்னு சொல்லிச் சிரிப்பார்.

ஆராய்ச்சிப் பத்திரிகை எல்லாம் முன்னாடி தபால்ல வந்துச்சு. அப்புறம் எல்லாமே கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. எங்களுக்கு வேணும்னு கேட்டது நூத்துச் சொச்சம் பத்திரிகை. கம்பெனிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? தனித்தனியா வாங்கினா கட்டுப்படியாகாது, மொத்தமா ஆயிரத்து எண்ணூத்து நாப்பதையும் ஒரே தொகுப்பா எடுத்துக்கோங்கன்னான். ஊசி வாங்கப் போனவங்க தலையில கடையையே கட்டிட்டான். வருஷா வருஷம் விலை ஏறுச்சு. புதுப் புத்தகம் வாங்குறது நின்னே போச்சு. முதல் வருஷத்துப் பிள்ளைங்க, டேப் ஒட்டின ஒரே இயற்பியல் புத்தகத்துக்கு என் கவுன்ட்டர்ல வரிசை கட்டி நிக்கும். திட்டு வாங்குறது நான்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள், ஆராய்ச்சி பண்ற பையன் ஒருத்தன் அக்கா மேசை முன்னாடி வந்து நின்னு ஓன்னு அழுதுட்டான். மறுநாள் அவன் ஆய்வேட்டைக் குடுக்கணும். ஒரு முக்கியமான கட்டுரை திறக்கவே மாட்டேங்குது. அன்னிக்கு அக்காவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்த நாள்ல இருந்து காலையில எட்டு மணிக்கே வந்துடுவாங்க. கதவு திறக்கிற ஒன்பது மணிக்குள்ள எண்பது பத்திரிகை. ஒவ்வொண்ணுலயும் ஒரு கட்டுரையைத் திறந்து, கடைசிப் பக்கம் வரைக்கும் வருதான்னு பார்ப்பாங்க. வரலைன்னா கம்பெனிக்காரனுக்கு எழுதி, போன் போட்டு, சரியாகிற வரைக்கும் அவனை விடவே மாட்டாங்க. மாசத்துக்கு ஒரு சுத்து முடிஞ்சுடும். அடுத்த மாசம் மறுபடியும் முதல்ல இருந்து.

"இதெல்லாம் யாரு உங்களைச் செய்யச் சொன்னது?"ன்னு நான் கேட்டா, "யாரும் சொல்லல. கெட்டுப்போச்சுன்னா அது எனக்குத்தான் முதல்ல தெரியணும்"பாங்க.

போன வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம். கம்பெனி ஏஜென்ட் வந்தார், வழுவழுன்னு ஒரு அறிக்கையோட. "உங்க காலேஜ் மாதிரி ஒரு காலேஜை நான் பார்த்ததே இல்ல சார். ஆயிரத்து எண்ணூத்து நாப்பதுல ஒண்ணுகூடப் படிக்காம கிடக்கல!" எங்க தலைமை நூலகருக்குப் பெருமை தாங்கல. வருஷா வருஷம் ஆண்டறிக்கையில அதைக் கொட்டை எழுத்துல போட்டவர் ஆச்சே. இந்தத் தடவை விலை இன்னும் கூடுதலாம். இவ்வளவு படிக்கிறாங்களே, குடுக்கலாம்னுட்டார்.

அறிக்கையோட நகல் அக்கா மேசைக்கு வந்துச்சு. நானும் எட்டிப் பார்த்தேன். பனிப்பாறை பத்தி ஒரு பத்திரிகை, பன்னிரண்டு தடவை திறந்திருக்காங்க. ஆட்டுக்கு வர்ற தோல் நோய், பன்னிரண்டு. பழைய நாணயம், பன்னிரண்டு. பக்கம் பக்கமாப் பன்னிரண்டு.

"நம்ம காலேஜ்ல பனிப்பாறையை எவன்க்கா படிக்கிறான்? இங்க குடிக்கிற தண்ணியே சூடாத்தான் வருது"ன்னு சிரிச்சேன்.

அக்கா சிரிக்கல. முகம் வெளிறிப் போச்சு. "நான்தான் படிக்கிறேன்"னாங்க.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. மாசத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்குப் பன்னிரண்டு. கம்பெனி கம்ப்யூட்டருக்கு யாரு திறந்தா என்ன, எண்ணிக்கிட்டே போகும். கெட்டுப்போச்சான்னு இவங்க திறந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் ஒரு வாசகர் கணக்குல ஏறியிருக்கு. பன்னிரண்டைத் தாண்டினது, அதாவது நிஜமா மத்தவங்க படிச்சது, நூத்து இருபத்தாறு பத்திரிகைதான். மீதி எல்லாத்துக்கும் இந்த ஊர்லயே ஒரே வாசகி, எங்க அக்கா!

"வாயைத் திறக்காதீங்க. உங்களுக்கு ரிட்டயர் ஆக ஒன்பது மாசம் இருக்கு. சும்மா கிடக்கிற சங்கை எதுக்கு ஊதணும்?"னேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? அந்தப் பிள்ளைங்க கிழிஞ்ச புத்தகத்துக்கு வரிசையில நிக்குறதுக்கு நான்தாண்டி காரணம்."

"அப்ப உங்க பேரு கெட்டுப்போனா பரவாயில்லையா?"

மறுநாள் ஒப்பந்தக் கூட்டத்துல அக்கா எழுந்து நின்னு, ஏஜென்ட் முன்னாடி, அத்தனை பேராசிரியர் முன்னாடி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. காபி குடுக்கிற சாக்குல நானும் உள்ள நின்னேன். ஒரு பேராசிரியர், "அப்போ இந்தக் காலேஜ்லயே அதிகம் படிச்சவங்க நீங்கதானா?"ன்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். அறையே சிரிச்சுது. அக்காவும் சிரிக்கப் பார்த்தாங்க, உதடு கோணிக்கிச்சு. எனக்கு அந்தக் காபியை அவர் தலையில ஊத்தலாம்னு வந்துச்சு. சத்தியமா.

தலைமை நூலகர் மட்டும் சிரிக்கல. "ஒன்பது வருஷமா என்னை முட்டாளாக்கிட்டீங்களே மேடம்"னார்.

தொகுப்பு ரத்தாச்சு. நூத்து இருபத்தாறை மட்டும் தனித்தனியா வாங்கினாங்க. ஏஜென்ட் சொன்ன மாதிரி ஒண்ணும் கட்டுப்படியாகாமப் போகல. மிச்சமான பணத்துல புதுப் புத்தகம் வந்து இறங்குச்சு. அக்காவுக்கு மட்டும் ஒரு உத்தரவு. இனிமே எதையும் திறந்து பார்க்க வேண்டாம். கெட்டுப்போனா படிக்கிறவங்க புகார் நோட்டுல எழுதட்டும்.

மறுநாளும் எட்டு மணிக்கு வந்தாங்க, பாவம். கீபோர்டைத் துடைச்சாங்க. மடியில கையை வெச்சுக்கிட்டு ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. மூணு வாரம் புகார் நோட்டு வெள்ளையாவே கிடந்துச்சு. தலைமை நூலகர் அதைப் புரட்டிப் பார்த்துட்டு, "பார்த்தீங்களா, ஒண்ணும் கெடல"ன்னார்.

அவர் போனதும் அக்கா என்கிட்ட வந்து, "ஒன்பது வருஷம் வெட்டி வேலை பார்த்திருக்கேன்டி. அதுவும் பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டு"ன்னாங்க. என்னால அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

நாலாவது வாரம், ஒரு ஆராய்ச்சி மாணவி கவுன்ட்டருக்கு வந்தா. தலைமை நூலகர் என் பக்கத்துல நின்னு புதுப் புத்தக ரசீதுல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தார். நாங்க வாங்குற நூத்து இருபத்தாறுல ஒரு பத்திரிகை பேரை அவ சொல்லி, "இது பழைய காகிதப் பிரதி இருக்குமாக்கா? கம்ப்யூட்டர்ல பதினஞ்சு நாளாத் திறக்கல"ன்னா.

"பதினஞ்சு நாளா? ஏம்மா, வாசல்லயே புகார் நோட்டு தொங்குதே, எழுத வேண்டியதுதானே?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அந்தப் பொண்ணு முழிச்சா. "இங்க பத்திரிகை திறக்காமப் போகும்னே எனக்குத் தெரியாதுக்கா. நாலு வருஷமா படிக்கிறேன், ஒரு நாள்கூட அப்படி ஆனதில்ல. என் லேப்டாப்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ரெண்டு தடவை கடையில குடுத்துப் பார்த்துட்டேன்."

கையெழுத்து பாதியில நின்னுச்சு. தலைமை நூலகர் அவளைப் பார்த்தார், அப்புறம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அக்காவுக்குக் கேட்டிருந்துச்சு. எழுந்து நின்னுட்டாங்க. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு இருந்துச்சு, ஆனா கை அதுபாட்டுக்கு மவுஸைத் தேடுச்சு. உத்தரவு ஞாபகம் வந்து கையை இழுத்துக்கிட்டாங்க.

தலைமை நூலகர் பேனாவை மூடினார். "திறங்க மேடம்"னார். "அதை மட்டும் இல்ல, எல்லாத்தையும் திறங்க. கணக்குல உங்களை நான் கழிச்சுக்கறேன்."