பெயரை மறக்கடிக்கும் மருந்து

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்குத் தினமும் பெயர் மறந்துபோகிறது என்று ஏழு வயதில் உறுதியாக நம்பினேன்.

பள்ளி விடுமுறையில் அவரோடு எங்கள் தீவின் ஜார்ஜ்டவுன் கிளினிக்குக்குப் போவேன். அங்கே நர்ஸாக இருந்த தமிழ் மிஸி சின்னக் குவளையில் மருந்து தருவார். மாமா குடிப்பார். உடனே மிஸி, "பேரு என்னா?" என்பார். மாமா பள்ளிப் பிள்ளைபோல் முழுப்பெயரையும் சொல்வார். மறுநாளும் அதே கேள்வி. தினமும் பார்க்கிற ஆளிடம் பெயர் கேட்பானேன்? அந்த மருந்துதான் பெயரை மறக்கடிக்கிறது என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். பிஞ்சிலே பழுத்த மூளை.

தைப்பூசத்தன்று கிளினிக் மூடியிருக்கும் என்பதால், அந்த வருடம் முதன்முறையாக ஒருநாள் மருந்தைப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொடுத்தார்கள். மாமா அதைப் பரிசு வாங்கியதுபோல் கொண்டுவந்தார். போதைத் தூளை விட்டு இந்த மருந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவரே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல்.

தைப்பூசத்தன்று காலை அம்மாவும் அப்பாவும் சாமான்களை ஏற்றக் கீழே நிறுத்தியிருந்த காடிக்குப் போயிருந்தார்கள். மாமா குளித்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலி போட்டு அலமாரியிலிருந்த புட்டியை எடுத்து, மூடியை அழுத்தித் திருகினேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் பெயரைச் சொல்லிப் பார்ப்பதுதான் திட்டம். மறந்துபோனால் பார்த்துக்கொள்ள உள்ளங்கையில் பேனாவால் எழுதியும் வைத்திருந்தேன்.

புட்டி உதட்டில் பட்டதும், குளித்துவிட்டு வந்த மாமா தட்டிவிட்டார். மருந்து தரையெல்லாம் ஓடியது.

"குடிச்சியா? உண்மையச் சொல்லு."

"நாக்குல பட்டுச்சு மாமா. இனிச்சுச்சு."

ஈர மஞ்சள் வேட்டியோடு என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். அப்பா காடியை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வழியெல்லாம் மாமா என் கன்னத்தைத் தட்டி, "தூங்காத. பேரு என்னா? பேரு என்னா?" என்றார். என் பெயரையே மறந்துவிட்டாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளங்கையைக் காட்டினேன்.

"என் மருந்துதான். நான்தான் பூட்டி வைக்கல," என்று டாக்டரிடம் சொன்னார். இனி வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொன்னார். பெரியவரை நிமிர்த்தி வைக்கிற அளவு ஒரு பிள்ளையின் மூச்சை நிறுத்திவிடும் என்றார் டாக்டர்.

மாலைவரை என்னைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலியில் மாமாவுக்குத்தான் மூக்கு ஒழுகி, உடம்பு நடுங்கியது.

"ஏன் மாமா நடுங்குறீங்க?"

"ஏர்கோன் குளிரு லா."

என் போர்வையைக் கொடுத்தேன். பால்குடம் தவறிப்போனதற்காக அம்மா மாமாவைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போய்ப் படு என்றுதான் சொன்னார்.

"தனியா வெளிய போனா எங்க போவேன்னு எனக்கே தெரியலக்கா. இங்கயே இருக்கேன்."

வெளியே கொண்டுபோக வாயில் மருந்தை ஒளித்துக்கொண்டு யாராலும் பெயர் சொல்ல முடியாது, அதற்காகத்தான் மிஸி கேட்டார் என்பதும், மருந்து கொட்டிப்போனதால் வந்த அந்த நடுக்கத்தை நிறுத்தும் தூள் எந்தச் சந்தில் கிடைக்கும் என்று மாமாவுக்குத் தெரியும் என்பதும் வளர்ந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தன. அன்றைக்கு நான் பார்த்தது, அரைமணிக்கொரு தரம் என் பெயரைக் கேட்கிற ஞாபகமறதிக்காரரை. இவருக்கு வீட்டு வழி மட்டும் எப்படி நினைவிருக்கும்? ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது, வழி தவறிவிடுவாரே என்று அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.