இளைக்காத மோட்டார்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டம். மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், மாடு மூச்சு வாங்கி இளைத்தால் நாங்களும் நிறுத்திவிடுவோம். அதற்குள் கிணறு மறுபடி ஊறிவிடும். எழுபதுகளில் கரண்ட் வந்தது. ஊரிலேயே முதலில் மோட்டார் போட்டவன் என்ற மிதப்பில், வாய்க்கால் நிரம்பி வழிந்தாலும் நான் நிறுத்தவில்லை.

அந்தக் கோடையில், இன்னும் மாடு கட்டியே இறைத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமியின் கிணறு வற்றியது. அவன் ஊற்றையும் சேர்த்து என் மோட்டார் இழுத்துவிட்டது. வரப்பில் வந்து நின்றான்.

"ஏனுங்கண்ணா, உங்க மோட்டாருக்கு எளப்பே வராதுங்களா?"

"கரண்டு இருக்கற வரைக்கும் ஓடும் சாமி" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த சந்தையில் மாடுகளை விற்றுவிட்டு, வெறும் கயிற்றைத் தோளில் போட்டபடி என் வரப்பு வழியாகத் திரும்பினான். என் தண்ணீர் வழிந்து வழியெல்லாம் சேறு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்து போனான். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.

அன்றிலிருந்து, மாடு இளைத்திருக்கும் என்று தோன்றும் நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிடுகிறேன். மழைக்கு முன்பே அவன் கிணற்றில் தண்ணீர் ஊறியது.

இறைக்கத்தான் மாடு இல்லை.