கிணற்றில் விழுந்தவள் என்ன ஆனாள்

வாரப் பத்திரிகை வந்ததும் முதலில் யார் படிப்பது என்று எனக்கும் அம்மாவுக்கும் வாய்ச்சண்டை நடக்கும். படித்து முடித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைப்பேன். காதலும் கொலையும் கலந்த கதைகள்தான் எனக்கு வேண்டும். அழுதுகொண்டே அடுப்பூதும் கதாநாயகிகளைப் பார்க்க எங்கள் பூந்தமல்லித் தெருவே போதும். என் கதாநாயகிகள் வேறு ரகம். காதலிக்கிறவனை ஆசை தீரப் பார்ப்பார்கள். அவன் சட்டைக் கையில் இருக்கும் கறையையும் பார்ப்பார்கள். கிணற்றில் தள்ளினால், அழுவதற்கு முன் எந்தப் படியில் கால் வைக்கலாம் என்று தேடுவார்கள்.

கதை படித்தே எனக்குச் சந்தேகப் புத்தி வந்துவிட்டது என்பாள் அம்மா. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பட்டாபிராமில் புதிதாகக் குடியேறியவர்கள். மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. அவருடைய அம்மா வயல் வேலை செய்து காய்த்துப்போன கையோடு என் தாடையைத் தொட்டார். சமைப்பாயா, பாடுவாயா என்று எதுவும் கேட்கவில்லை.

"கதைப் புக்கு படிப்பியாமே? வாய்வுட்டுப் படிப்பியா?"

படிப்பேன் என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. கதை படிக்கிற மருமகளைக் கண்டு மகிழ்கிற மாமியாரை நான் கதையில்கூடப் பார்த்ததில்லை. ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும் என்று வேறு அவசரப்பட்டார்கள். மாப்பிள்ளையோ, காபி குடித்த டம்ளரைத் தானே கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்தார். எனக்குப் பிடித்துவிட்டது. தொல்லையே அதுதான். பிடிக்காதவனைச் சந்தேகப்பட்டு என்ன லாபம்?

ஆடி மாதம் பூந்தமல்லியிலேயே ஜவுளி எடுத்தோம். மாப்பிள்ளையின் அம்மாவோடு நானும் என் அம்மாவும் போனோம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்குப் படைப்பார்கள். வீட்டில் சுமங்கலியாகச் செத்துப்போனவளுக்குப் புதுப்புடவையும், அவளுக்குப் பிடித்த பொருள்களும் வைத்துக் கும்பிடுவது. அவளை மறந்துவிட்டால் வந்தவள் வாழமாட்டாள் என்ற பயம். அந்தச் சாமான்களை மற்றதோடு கலக்காமல் தனியாக ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார் அவர். உள்ளே கத்திரிப்பூ நிறத்தில் ஒரு நைலக்ஸ் புடவை.

"யாருக்கு அத்தை பூவாடை?"

"எங்க மாமியாருக்குத்தான். வேற யாரு கீறாங்க?"

மாப்பிள்ளை பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்த கிழவிக்கு நைலக்ஸா? அம்மா என் கையைக் கிள்ளினாள். நான் வாயை மூடிக்கொண்டேன், கண்ணை மூடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடை முன்னால் அவர் நின்றார். "அந்தப் பொண்ணு கெணத்துல வுழுந்துச்சே, அந்தக் கதை வர்ற புக்கு ஒண்ணு குடு நைனா," என்றார். வாங்கிய பத்திரிகை நேராக மஞ்சள் பைக்குள் போனது.

நானும் வாராவாரம் படிக்கிற தொடர்கதைதான் அது. அந்தப் பெண் கிணற்றில் விழுந்தது மாசி மாதம். பங்குனியிலேயே ஏறி வந்துவிட்டாள். இந்த வாரம் கோர்ட்டில் நின்றுகொண்டிருக்கிறாள். எழுத்துத் தெரியாத இந்த அம்மாவுக்குக் கதை கிணற்றோடு நின்றுவிட்டது. அதுவரை படித்துச் சொன்னவள் எங்கே? அவளுக்குத்தான் இந்தப் புடவையா? அவளும் கிணற்றில்தான் விழுந்தாளா? யாராவது தள்ளினார்களா? டம்ளரைப் பின்கட்டுக்கு எடுத்துப்போன மாப்பிள்ளையின் கையை நினைத்துப் பார்த்தேன்.

"அத்தை, மாசி மாசம் உங்க வீட்ல யார் செத்தாங்க?"

அம்மா பதறி, "இன்னாடி பேச்சு இது," என்றாள். அந்த அம்மா அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பையின் காதை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"என் மருமக. ரெண்டாந்தாரம்னா யாரும் பொண்ணு குடுக்கமாட்டாங்கன்னு தரகர்தான் சொல்லவாணாம்னாரு. மஞ்சக்காமாலைம்மா. சேக்காட்டுலதான் அப்போ இருந்தோம். அவ நெனப்பு தாங்காமத்தான் ஊட்டை மாத்திக்கினு வந்தோம்."

பொய்யும் மெய்யும் ஒரே வாயிலிருந்து வரும்போது எதை நம்புவது? கோபத்தோடு கேட்டேன். "அவங்களைப் பெத்தவங்க எங்க இருக்காங்க? நான் பாக்கணும்."

"சேக்காட்டுலதான். வா, இப்பவே போலாம்," என்று எழுந்துவிட்டார். அம்மா புலம்பிக்கொண்டே எங்கள் பின்னால் பஸ் ஏறினாள்.

செத்தவளின் தாய் எங்களைப் பார்த்ததும் நான் யாரென்று புரிந்துகொண்டாள். "ஆஸ்பத்திரில கடைசி வரிக்கும் தலைமாட்டுல குந்திகினு இருந்தது எம் மருமவன்தாம்மா," என்றாள் என்னிடம். பிறகு சம்பந்தியம்மாவின் பக்கம் திரும்பினாள். "எம் பொண்ணு வாழ்ந்ததையே இல்லன்னு சொல்ட்டியா?" அத்தை மஞ்சள் பையை அவள் மடியில் வைத்துவிட்டு விம்மினார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு வலித்தது. ஆனாலும் மறைத்தது மறைத்ததுதான்.

திரும்பும்போது அவர் என்னோடு பேசப் பயந்து, சற்று விலகியே நடந்தார். கல்யாணத்தை நான் நிறுத்தப்போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையை மட்டும் நேராக உட்கார வைத்து நாலு கேள்வி கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். பின்னால் கேட்கவும் செய்தேன்.

பஸ் நிறுத்தத்தில் அவர் மெதுவாக வாயைத் திறந்தார். "அந்தக் கெணத்துல வுழுந்த பொண்ணு இன்னா ஆச்சும்மா?"

"ஏறி வந்துட்டா அத்தை. புடவையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, ஒவ்வொரு படியாத் தடவித் தடவி ஏறிட்டா. தள்ளினவன் யாருன்னும் கண்டுபிடிச்சிட்டா. புருஷன் இல்ல."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் மருமக இது தெரியாமயே பூட்டாளே," என்றார்.