யாரும் கேட்காத கடைசி பஸ்

என் வீட்டுக்காரரின் வெப்சைட்டை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். காலையில் வைத்த காப்பி ஆறி ஏடு கட்டியிருக்கும், மனுஷன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டார். மைசூரில் கட்டட வேலைக்கும் ஃபேக்டரி வேலைக்கும் வந்திருக்கிற நம் ஜனங்களுக்கு மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு வழி சொல்கிற வெப்சைட் அது. அத்தனையும் தமிழில்.

அது ஆரம்பித்தது என் அண்ணனால். ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவன், எங்கள் வீட்டில் தங்கிவிட்டு மலைக்குக் கிளம்பினான். கொள்ளேகாலில் பஸ் மாறும்போது கன்னட போர்டு படிக்கத் தெரியாமல், பாதி வழியில் ஹனூரோடு நின்றுவிடுகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். மொட்டையடிக்க வேண்டிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஹனூரில் உட்கார்ந்து அண்ணி திட்டிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா! அவர்கள் திரும்பி வந்து அதைச் சொன்ன பிறகுதான் இவர் பஸ் போர்டுகளைப் படம் பிடித்துப் போட்டு, எழுத்து இப்படி இருந்தால் ஏறுங்கள், இப்படி இருந்தால் ஏறாதீர்கள் என்று எழுத ஆரம்பித்தார்.

இவருக்குக் காது கேட்காது, இடது காதில் கத்தினால்தான் கொஞ்சம் கேட்கும். நூல் மில்லில் மிஷின் சத்தத்துக்கு நடுவே நின்று நின்றே போன காது. கல்யாண வீட்டில்கூட ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து பேசினால் ஒரு தரம் சொல்வார்கள், இரண்டு தரம் சொல்வார்கள், பிறகு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர் முகம் அப்போது சுருங்கிப்போகும்.

வெப்சைட்டில் கேள்வி கேட்க ஒரு பெட்டி வைத்திருந்தார். அங்கே யாரும் அவரிடம் கத்த வேண்டியதில்லை. "அண்ணா, கைக்குழந்தையோட வர்றோம், ரூம் கிடைக்குமா?" "ஐயா, அமாவாசையன்னிக்கு மலையிலிருந்து கடைசி பஸ் எப்போ?" கேட்டவர்கள் எல்லோருக்கும் உட்கார்ந்து பதில் எழுதுவார். பஸ் நேரம் கேட்டால் பஸ் நேரத்தோடு விடமாட்டார். சாயங்காலம் மலையில் பனி இறங்கும், குழந்தைக்குக் குல்லா மறக்காதீர்கள் என்றும் சேர்த்து எழுதுவார். போய்வந்தவர்கள் மொட்டைத் தலைக் குழந்தைகளின் போட்டோ அனுப்புவார்கள். அதை என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "பாரு, நம்ம புள்ள மாதிரியே இல்ல?" என்பார். ஊர்ப் பிள்ளையெல்லாம் இவருக்கு நம்ம பிள்ளை.

அதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் முதல்நாள் மலைமேல் தேங்காய்க் கடை வைத்திருக்கிற அக்காவுக்கு நான்தான் போன் பண்ணுவேன். எந்த பஸ் உண்டு, எது கிடையாது என்று கேட்டு, இவர் இடது காதில் கத்துவேன். அதைக் கேட்ட பிறகுதான் எழுதுவார்.

கேள்விகள் குறைய ஆரம்பித்தபோது, "நெட்டு சரியில்ல போல" என்றார். பிறகு ஒரு அமாவாசைக்குப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. அதை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "நாம ஏதாச்சும் தப்பா எழுதிட்டமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

மகள்தான் அவர் காதோரம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். பஸ்ஸுக்கு ஆப் வந்துவிட்டது, கன்னட போர்டைக் கேமராவில் காட்டினால் தமிழில் வந்துவிடுகிறது, மற்றதையெல்லாம் ஏஐ சொல்லிவிடுகிறது, வெப்சைட் வரைக்கும் யாரும் வருவதில்லை என்றாள். தன் போனில் கேட்டும் காட்டினாள். பளிச்சென்று பதில் வந்தது. அதன் கடைசியில், மாலையில் பனி இறங்கும், குழந்தைகளுக்குக் குல்லா எடுத்துச் செல்லவும் என்று இருந்தது.

"இது நான் எழுதுனதும்மா" என்றார்.

"அது எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான்ப்பா சொல்லுது."

"நாசமாப் போக! நோகாம நோம்பி கும்பிடுதா?" என்று நான் அந்த போனையே திட்டினேன். இவருக்குக் கோபமே வரவில்லை. "சரியாத்தானே சொல்லியிருக்கு. ஜனங்க நல்லபடியாப் போய்ச் சேந்தாச் சரி" என்றார். அவர் கோபப்படாதது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சும்மா உக்காந்திருக்காதீங்கப்பா, இதுகூட டைப் பண்ணிப் பேசுங்க. சலிச்சுக்கவே சலிச்சுக்காது" என்று மகள் அவர் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தாள். சில நாள் பேசிப் பார்த்தார். பொய் சொல்லக்கூடாது, மரியாதையாகத்தான் பதில் சொன்னது. பிறகு அதைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் சொல்லுது. என்கிட்ட அதுக்குக் கேக்கத்தான் ஒண்ணுமில்ல" என்றார்.

போன அமாவாசைக்கும் வழக்கம்போல அந்த அக்காவுக்கு போன் பண்ணினேன். கடைசி பஸ் இந்தத் தடவை சீக்கிரமே கிளம்பிவிடுமாம். இவர் காதில் சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர எழுந்திருக்கவில்லை.

"எழுதுங்க" என்றேன்.

"யாருக்கு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, மலைக்குப் போகிற யாரோ ஒருத்தியாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்:

"ஏனுங்க, மலையிலிருந்து கடைசி பஸ் எப்போங்க?"

என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தானே நீ எனக்குச் சொன்ன" என்றார்.